இடது முன் சக்கரம்

வெள்ளிக்கிழமை தொப்பூர் இறக்கத்தில்தான்
முதன்முதலாகக் கத்தியது.
ஏதோ பறவை என்றார் மாதேசன்.
நான் காலை எடுத்தால் பறவை நிறுத்துமா?

பின்னால் நாற்பது பெட்டி சாமை முறுக்கு,
முன்னால் கம்பி ஏற்றிய லாரி,
கண்ணாடி நிறைய இன்னொரு லாரி.
இரண்டாம் கியரில் உருட்டி
செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நல்லம்பள்ளி ஒர்க் ஷாப் அன்சர்
வியாழன் பார்க்கலாம் அக்கா என்றான்.
செவ்வாய்க்கு மறு லோடு.
பேடு ஒரு செட்டு, கிரீஸ் ஒரு டப்பா.
ஞாயிறு, வெயில் சுவரேறும் முன்
பொலேரோவின் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன்.

வலது சக்கரம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.
அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இடதில்
நாலு நட்டு பேசாமல் இளகியது.
ஐந்தாவது, எந்தப் பஞ்சர் கடைக்காரனோ
ஏழு ஜென்மப் பகையில் முடுக்கியது.
ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டு கிலோ.
என் எடைக்கு இத்தனை வருடத்தில்
கிடைத்த ஒரே மரியாதை:
டக்.

மண் தரை, அதனால் ஜாக்கிக்கு அடியில் பலகை.
பின் சக்கரத்துக்கு அணை
பழைய கிரைண்டரின் குழவி.
கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே தள்ளிவைத்தேன்.
ஜாக்கியை நம்பி நான் கை நீட்டுவதில்லை.

கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே மடக்க
கேலிப்பர் வாய் திறந்தது.
வெளிப்பேடில் இன்னும் நாலு மில்லிமீட்டர்.
எட்டிப் பார்த்தவர்கள் பார்த்தது இதைத்தான்,
"இன்னும் ஐயாயிரம் ஓடும்" என்றதும் இதை வைத்துத்தான்.
உள்பேடில்
லைனிங் போய் வெறும் தகடு.
நகர வேண்டிய பின் துருவேறி நின்றுவிட,
ஒரு பக்கமே
எல்லா மலையையும் இறங்கியிருக்கிறது.

டிஸ்க்கில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன்.
தட்டவில்லை. தப்பித்தது.

பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளத் தள்ள
பானட்டுக்குள் ஆயில் ஏறும்.
வழிந்தால் பெயின்ட் போச்சு.
மாட்டு ஊசிச் சிரிஞ்சோடு அங்கே மாதேசன்,
"போதுமா... போதுமா..."
துடைக்கத் துணி தேடி
இடது கதவைத் திறந்தேன்.

அவர் உட்காரும் பக்கம்.
ரப்பர் மேட்டில் குதிகால் பதிந்து ஒரு குழி,
குழிக்கு முன்னால்
பாதம் அளவுக்கு வழுக்கை.
வலது பாதம்.

அந்தப் பக்கம் பெடலே கிடையாது.

மூன்று வருடம், வாரம் இரண்டு நடை.
இரட்டைப் பாலத்தருகே லாரி ஒதுங்காதபோதும்
மழையில் டயர் ஒருமுறை வழுக்கியபோதும்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு
வெற்றிலை மடித்துக்கொண்டு
இல்லாத பிரேக்கை
மிதித்து மிதித்து வந்திருக்கிறார் மனுஷன்.
மெல்லப் போ என்று ஒரு சொல் சொன்னதில்லை.
பயமில்லாத ஆள் என்று
என் தங்கையிடம்கூடப் பெருமை பேசியிருக்கிறேன்.

துணியை எடுத்துக் கதவைச் சாத்தினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.

பின்னைத் தேய்த்துக் கிரீஸ் வைத்து
புதுப் பேடு மாட்டி, சக்கரம் ஏற்றி, ஜாக்கி இறக்கி
எல்லாம் ஆன பிறகும் ஒன்று பாக்கி.
பிஸ்டன் பின்வாங்கி நிற்கிறது,
முதல் மிதி தரைவரை போகும்.
இது தெரியாமல் வண்டி எடுத்தவன்
வாசல் கேட்டோடு போவான்.

என் இரண்டு கையிலும் கருப்பு.
"நீங்க ஏறி மிதிங்க."
"நானா?"
வலது கதவைத் திறந்து
கல்யாண வீட்டில் சோபாவில் உட்காருவதுபோல்
நுனியில் உட்கார்ந்தார்.

ஒன்று.
"ஒண்ணுமே இல்லியே, ருக்கு!"
இன்னும்.
இரண்டு. மூன்று.
சக்கரத்தருகே குனிந்திருந்தேன்.
உள்ளே எதுவோ வந்து எதையோ தொட்டது.

"புடிக்குது" என்றார்.

போதும் இறங்குங்க என்றேன்.
கேட்காததுபோல்
இன்னும் இரண்டு முறை மிதித்தார்.